மண்ணுக்குள் அறுந்த வேலி

வசந்தினி அக்காவின் நாய் டொபி மூன்றாவது தடவை எல்லை தாண்டி வந்தது ஒரு புதன்கிழமை. உம்மாவின் தொழுகை உடுப்பு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை இழுத்து விழுத்தி, அதன் மேலேயே படுத்து, உடுப்பின் கை முனை ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தான். நான் குசினி யன்னலால் கண்டு ஓடி வருவதற்குள் பக்கீர் முகைதீன் மாமா கண்டுவிட்டார்.

மாமா உம்மாவின் மூத்த சகோதரர். எங்களுக்குப் பக்கத்து வீடு. நெல் வாங்கி விற்கிறவர். வாப்பா கட்டாரில் வாகனம் ஓட்டுவதால் எங்கள் வீட்டுக்கும் அவர் சொல்வதுதான் சொல். கோபம் வந்தால் அவருடைய குரல் உயராது, குறையும். அன்றைக்கு மிகவும் குறைந்திருந்தது.

"வசந்தினி, கொஞ்சம் வாங்க பாப்பம்."

கிணற்றுக்கு அங்கால் வீட்டில் இருக்கிற வசந்தினி அக்கா ஒபிசால் வந்து சாரி கூட மாற்றாமல் வெளியே வந்தார். உடுப்பைப் பார்த்தார். டொபியைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது மூணாந்தரம்" என்றார் மாமா. "நாய் வளக்கிறது உங்கட இஷ்டம். அதுக்கு நான் ஒண்டும் கதைக்கல்ல. ஆனா இது எங்கட பொம்புளையள் தொழுற உடுப்பு. கட்டிப் போடுங்க. இல்லாட்டி எங்கயாச்சும் குடுங்க."

"கட்டினா சாப்பிடுறான் இல்ல முகைதீன் நானா. முந்தி ஒருக்காக் கட்டி மூணு நாள் பட்டினி கிடந்தவன்."

"அப்ப?"

 டொபி வசந்தினி அக்காவின் காலடிக்குப் போய், தான் ஏதோ நல்ல காரியம் செய்ததுபோல வாலை ஆட்டினான்.

"சனிக்கிழமை கோணாமலை அண்ணன் வந்து ஏத்திக்கொண்டு போவார்" என்றார். "வயலுக்கு. காவலுக்கு நிக்கட்டும். நான் வார்த்தை தாறன்."

மாமா தலையசைத்துவிட்டுப் போனார். அவருக்கும் அது சந்தோஷமாக இருக்கவில்லை என்பது நடையில் தெரிந்தது.

கோணாமலை அண்ணன் வசந்தினி அக்காவின் பெரியம்மா மகன். இறக்காமத்துப் பக்கம் குத்தகைக்குக் காணி எடுத்து வேளாண்மை செய்கிறார். அங்கே யானை வரும். போன போகத்தில் அவருடைய வயல் வாடிக் குடிலில் காவலுக்கு நின்ற நாயை யானை மிதித்துவிட்டது என்று அவரே இந்தக் கிணற்றடியில் நின்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். டொபிக்கு எட்டு வயது. இடது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. இரவில் அந்தப் பக்கத்தால் எது வந்தாலும் அவனுக்குத் தெரியாது.

எங்கள் வீடு மருதமுனையின் கடைசி ஒழுங்கையில் கடைசி வீடு. வசந்தினி அக்காவின் வீடு அடுத்த தமிழ் ஊரான பாண்டிருப்பில் முதல் வீடு. முன்பக்கம் மதில் இருக்கிறது. பின்பக்கம் இல்லை. கிணறு சரியாக எல்லையில் கிடப்பதால் மதில் கட்டினால் யாராவது ஒருவருக்குக் கிணறு இல்லாமல் போகும். குடிக்கக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டாலும் உடுப்புக் கழுவ, தொழுகைக்கு வுழுச் செய்ய, பூமரத்துக்கு ஊற்ற எல்லாம் இரண்டு வீட்டுக்கும் அந்தக் கிணறுதான்.

நாயின் வாய் ஈரம் பட்ட பொருளை நாங்கள் ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை சுத்தமான மண் கரைத்த தண்ணீரால் கழுவ வேண்டும். வசந்தினி அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவருடைய தம்பி சுபாஸ்கரன் அண்ணன் கனடாவிலிருந்து மார்கழி மாதம் வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தார். வளவைச் சுற்றி மண்ணுக்குள் மெல்லிய வயர் ஒன்றைப் புதைத்தார். பெட்டி வீட்டுக்குள் சுவரில் இருக்கும். நாயின் கழுத்தில் ஒரு பட்டி. வயருக்குக் கிட்டப் போனால் பட்டி கீ என்று கத்தும். கத்தியும் நிற்காவிட்டால் சின்னதாக ஒரு கரண்ட் அடி வைக்கும். டொபி இரண்டு தரம்தான் அந்த அடி வாங்கினான். அதற்குப் பிறகு கீ என்றால் போதும், திரும்பிவிடுவான். கண்ணுக்குத் தெரியாத வேலி என்று ஒழுங்கை முழுக்க வந்து பார்த்தது. எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனது.

அந்த வேலிதான் இப்போது வேலை செய்யவில்லை.

அன்று பின்னேரம் உம்மா மண் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். உடுப்பை ஏழு தடவை அலசினேன். ஐந்தாவது தடவை அலசும்போது அங்கால் வசந்தினி அக்கா டொபியோடு கதைப்பது கேட்டது. "ஏண்டா போன நீ? என்னடா குறை வச்சன் உனக்கு?" என்று கேட்டுக்கேட்டு அழுதார். ஆறாவது தடவையை நான் எண்ணத் தவறிவிட்டேன். திரும்ப முதலிலிருந்து கழுவினேன்.

நான் ஓ.எல். பரீட்சை எழுதவில்லை. பத்தாம் ஆண்டில் பாடம் வாசிக்கச் சொல்லி எழுப்பும்போதெல்லாம் தொண்டை அடைத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு நாள் போகாமல் விட்டேன், பிறகு போகவே இல்லை. அது நாலு வருஷத்துக்கு முந்திய கதை. அந்த நாலு வருஷமும் கிணற்றடியில் நான் உடுப்புக் கழுவும்போது டொபி தன் பக்கத்தில் ஜம்பு மர நிழலில் படுத்திருப்பான். வேறு யாரோடும் கதைக்காததையெல்லாம் அவனோடு கதைத்திருக்கிறேன். ஒரு நாளும் தொட்டதில்லை.

இரவு சாப்பிட்டதும் என் அண்ணன் றுமைஸ் காக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர் வீட்டு வயரிங் வேலை செய்கிறவர். இப்போது கமரா பூட்டுகிற வேலை. ஒலுவிலில் ஒரு கடைத்தொகுதியில் நின்றார்.

"வயர் எங்கயோ அறுந்திரிக்கும்" என்றார். "நானூறு அடி தோண்ட ஆருக்குகா நேரம்? ஞாயித்துக்கிழமை வந்து பாக்கன்."

"சனிக்கிழமை கொண்டு போறாங்க."

"அப்ப நீ தோண்டு. நீதானே எனக்கு ஈயம் பத்த வச்சித் தாறாய், பெரிய இஞ்சினியர்."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அவர் பகிடியாகத்தான் சொன்னார்.

நான் பாயில் கிடந்து யோசித்தேன். உம்மாவிடம் ஒரு சின்ன றேடியோ இருக்கிறது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அதைக் கிணற்றுக்கட்டில் வைத்துக் கேட்பார். தை, மாசி மாதமெல்லாம் அதைக் கிணற்றுக்கட்டில் வைத்தால் ஙீ என்று இரையும். "வசந்தினிட பிரிட்ஜ் பழுதாப் போச்சு போல" என்று உம்மா சொல்வார். இப்போது கொஞ்ச நாளாக இரையவில்லை. குரல் துப்பரவாகக் கேட்கிறது. அப்படியென்றால் இரைந்தது பிரிட்ஜ் இல்லை. வயர்தான் இரைந்திருக்கிறது. வயர் உயிரோடு இருக்கிற இடத்தில் றேடியோ இரையும், செத்த இடத்தில் இரையாது.

தோண்டத் தேவையில்லை. றேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

வியாழக்கிழமை வசந்தினி அக்கா ஒபிசால் வரும்வரை கிணற்றடியிலேயே நின்றேன். அவர் வந்ததும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் வாயில் வந்தது இவ்வளவுதான்.

"அக்கா... பெட்டியைப் பாக்கட்டா?"

அவர் செருப்பைக் கழற்றியபடியே நின்றுவிட்டார்.

"றுஸ்னா, உனக்கு வாய் இருக்கிறது எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். வா, வா. டொபியை அறைக்குள்ள விட்டுப் பூட்டிறன்."

பெட்டி முன்னறைச் சுவரில் இருந்தது. பிளக் கழற்றப்பட்டுக் கிடந்தது.

"இது எப்ப கழட்டின அக்கா?"

"சித்திரை வருஷத்துக்கு அடுத்த நாள் பின்னேரம் கீ கீ எண்டு கத்தத் தொடங்கிச்சு. நிப்பாட்டத் தெரியாமக் கழட்டிப் போட்டன். றுமைஸ் வந்தாக் காட்டுவம் எண்டு இருந்தன். அவன் ஒழுங்கா வளவுக்குள்ளதானே நிண்டான், மறந்தே போயிற்று."

பிளக்கைக் கொழுவினேன். பெட்டி கத்தியது. பச்சை வெளிச்சம் எரியவில்லை. வயரின் இரண்டு முனைகளும் பெட்டியின் அடியில் இரண்டு துளைகளுக்குள் பூட்டியிருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு, ஒரு முழ வயரை எடுத்து அந்த இரண்டு துளைக்கும் பாலம் போட்டேன். கத்தல் நின்றது. பச்சை எரிந்தது.

"அட! சரி வந்திட்டுதா?"

"இல்ல அக்கா. பெட்டி நல்லம். மண்ணுக்குள்ளதான் அறுந்திரிக்கி."

பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை அவர் தேடி எடுத்துத் தந்தார். இங்கிலிஷ். வீட்டுக்குக் கொண்டுபோய் போனில் ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்து வாசித்தேன். றேடியோ என்று அதிலும் எழுதியிருந்தது. நானாக நினைத்தது அச்சில் இருந்ததைக் கண்டதும் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். ஒரு முனையை மட்டும் பெட்டியில் பூட்டச் சொன்னது. மற்றத் துளையிலிருந்து ஒரு வயரை இழுத்து, ஈர மண்ணில் அடித்த ஆணியில் கட்டச் சொன்னது.

வெள்ளிக்கிழமை காலை வசந்தினி அக்கா வீட்டுத் திறப்பை என்னிடம் தந்துவிட்டு ஒபிசுக்குப் போனார். டொபி அறைக்குள். யன்னல் கம்பிக்குள்ளால் மூக்கை நீட்டி நான் போகிற பக்கமெல்லாம் பார்த்தான். ஸ்டேஷன் இல்லாத இடத்துக்கு றேடியோவைத் திருப்பி, நிலத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தேன். ஙீ என்றது. படிக்கட்டடி, மதில் ஓரம், செவ்வரத்தை மரம் எல்லாம் ஙீ. செவ்வரத்தையைத் தாண்டி இரண்டு அடி வைத்ததும் சத்தம் நின்றுவிட்டது. பின்னால் வந்தேன். ஙீ. முன்னால் போனேன். ஒன்றுமில்லை.

அகப்பைக் காம்பால் கிண்டினேன். வயர் வந்தது. சுபாஸ்கரன் அண்ணன் அந்த இடத்தில் இரண்டு துண்டை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டிருந்தார். கடல் பக்கத்து மண்ணுக்கு டேப் தாங்குமா? டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, தொட்டதும் உதிர்ந்தது.

அறுந்த இடத்தை ஒட்டுவது எனக்குப் பழக்கம். இரண்டு பக்கமும் நல்ல செம்பு வரும்வரை வெட்டினேன். முதலில் இரண்டு வயரையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டேன். யாராவது இழுத்தால் முடிச்சுத்தான் இழுபட வேண்டும், ஒட்டு இழுபடக் கூடாது. பிறகு தோல் உரித்து முறுக்கி ஈயம் வைத்தேன். காக்காவின் சாமான் பெட்டியில் சிலிக்கன் இருந்தது. பழைய கண்மருந்துப் போத்தலுக்குள் அதை நிரப்பி, ஒட்டை அதற்குள் அமிழ்த்தி மூடினேன். இனி அந்த இடத்துக்குத் தண்ணீர் போகாது.

ஓடிப்போய் இரண்டு முனையையும் பெட்டியில் பூட்டிப் பார்த்தேன். கத்திக்கொண்டுதான் இருந்தது. பச்சை இல்லை.

இன்னொரு இடத்திலும் அறுந்திருக்கிறது. ஒரு முனையைத் திரும்பக் கழற்றி, ஆணி வயரைப் பூட்டினேன்.

திரும்ப றேடியோவை எடுத்தால் அது மூச்சு விடவில்லை. பற்றரி இறங்கிவிட்டது. ஜும்ஆத் தொழுகை நேரம். கடை எல்லாம் பூட்டு. அதோடு உம்மாவும் கிணற்றடியில் வந்து நின்று கூப்பிட்டார்.

"றுஸ்னா! நாய் வளவுக்குள்ள என்னகா வேலை உனக்கு? மாமா பள்ளியால வாற நேரம். கண்டா என்னைத்தான் ஏசுவார்."

பின்னேரம் போக முடியவில்லை. வசந்தினி அக்கா வந்ததும் அறையைத் திறந்து டொபியை விட்டார். அது அவர்களுடைய கடைசிப் பின்னேரம் என்று நினைத்திருப்பார். அவனுக்கு மீன் அவித்து, முள் எடுத்து ஊட்டினார். நான் ஜம்பு மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சனிக்கிழமை விடிய சுபஹு தொழுததும் எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றி றேடியோவுக்குப் போட்டேன். வசந்தினி அக்கா முற்றத்தில் நின்றார். அவர் காலடியில் ஒரு பேக் இருந்தது. டொபியின் கோப்பையும் அவன் படுக்கிற பழைய படங்கும் அதற்குள் இருந்தன.

"றுஸ்னா, இனி ஏன் கிளி கஷ்டப்படுறாய்? அண்ணன் வெளிக்கிட்டிட்டாராம்."

"கொஞ்சம் பொறுங்க அக்கா."

செவ்வரத்தையடியில் ஙீ. நான் ஒட்டிய இடத்தைத் தாண்டியும் ஙீ. மதில் முடிகிற மூலை, வாழைப் பாத்தி, கக்கூசுக்குப் பின்பக்கம். அங்கிருந்து கிணற்றுப் பக்கம் திரும்பினேன். கிணற்றுக்கட்டைச் சுற்றியும் இரைந்தது. எல்லையில் நிற்கிற ஜம்பு மரத்தடிக்கு வந்தேன். மரத்துக்கு அந்தப் பக்கத்தால்தான் வயர் போகும் என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மரத்துக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம், இரைந்தது. வேர் தடித்திருந்ததால் சுபாஸ்கரன் அண்ணன் ஒரு முழம் சுற்றி எங்கள் வளவுக்குள்ளால் வயரைக் கொண்டுபோயிருக்கிறார். றேடியோ அரை அடி இரைந்து, ஒரு குழியின் விளிம்பில் நின்றுவிட்டது.

அந்தக் குழியை எனக்குத் தெரியும். அதைத் தோண்டியவள் நான்.

எங்கள் வளவில் கோழி நடக்காத, குளியலறைத் தண்ணீர் ஓடாத, யாரும் மிதிக்காத ஒரே இடம் அந்த ஜம்பு மரத்தடிதான். சுத்தமான மண் வேண்டுமென்றால் உம்மா என்னை அங்கேதான் அனுப்புவார். சித்திரை வருஷத்துக்கு அடுத்த நாள் வசந்தினி அக்கா பெருநாளுக்கு நாங்கள் சாப்பாடு அனுப்பிய பீங்கானைத் திருப்பித் தந்தார். தரும்போது உம்மாவிடம், "சபியாக்கா, கழுவிப் படியில வைக்க டொபி நக்கிப் போட்டான். உங்கட முறைப்படி கழுவுங்க" என்று உள்ளதைச் சொன்னார். சொல்லாமல் தந்திருந்தால் யாருக்குத் தெரியும்? உம்மா அதற்காகவே அவரைப் புகழ்ந்துகொண்டு என்னை மண் எடுக்க அனுப்பினார். மேல் மண் காய்ந்திருக்கிறது என்று மண்வெட்டியால் ஆழமாக ஒரு கொத்துக் கொத்தினேன். ஏதோ வேர் அறுந்ததுபோல இருந்தது. வேர் என்றே நினைத்தேன்.

கையால் மண்ணைத் தள்ளினேன். இரண்டு முனையும் மூன்று விரல் ஆழத்தில் கிடந்தன. கத்தியால் வெட்டியதுபோலச் சரிவான வெட்டு.

அன்றைக்குப் பின்னேரம்தான் பெட்டி கத்தியது. டொபியின் வாய் பட்டதைக் கழுவ மண் எடுக்கப் போய், டொபியின் வேலியை நான் அறுத்திருக்கிறேன்.

முன்பக்கம் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. குசினியிலிருந்து நீட்டு வயர் இழுத்து ஈயக்கோலைச் சூடாக்கினேன். அறுந்த நுனிகளை வெட்டி எடுத்ததும் நீளம் போதவில்லை; ஒரு சாண் துண்டு சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு முடிச்சு, இரண்டு ஒட்டு. அவசரத்தில் ஈயம் விரலில் பட்டது. முன்பக்கம் கோணாமலை அண்ணன் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சத்தமாகக் கதைத்தார்.

"நாய் எண்டா இப்பிடி நாய். பேக் எல்லாம் கட்டி வச்சிரிக்காய், கட்டாருக்கு அனுப்புறாப் போல."

"பகிடி விடாத அண்ணன்."

முன்னறைக்குள் ஓடினேன். வயரின் இரண்டு முனையையும் துளைகளில் பூட்டினேன். கத்தல் நின்றது. பச்சை எரிந்தது.

"அக்கா!"

நான் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வசந்தினி அக்கா வந்து வெளிச்சத்தைப் பார்த்தார். டொபியின் கழுத்துப் பட்டியைக் கழற்றினார். என்னிடம் நீட்டப் போனவர் நிறுத்தி, அதைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, துவாயால் துடைத்து, வெயிலில் பிடித்து நன்றாகக் காயவைத்தார்.

"காய்ஞ்சதக் காய்ஞ்ச கையால தொடலாம்தானே? எனக்குத் தெரியும்" என்றார்.

என் கையை நானும் துடைத்தேன். பட்டியை வாங்கிக்கொண்டு ஜம்பு மரத்தடியை நோக்கி நடந்தேன். கிட்டப் போனதும் கீ என்றது. கிணற்றுப் பக்கம், கீ. செவ்வரத்தையடி, கீ. ஒரு இடமும் விடாமல் கத்தியது.

"நல்ல வடிவாச் செய்திரிக்காய்" என்றார் வசந்தினி அக்கா. முகம் மலரவில்லை. "ஆனா நான் முகைதீன் நானாவுக்கு வார்த்தை குடுத்திட்டன். தனிய இருக்கிற பொம்புள நான், றுஸ்னா. அக்கம்பக்கத்தோட சொன்ன சொல்லுத்தான் எனக்கு மதில். இண்டைக்கு வேலை செய்யுது எண்டு சொல்லி நாளைக்கு அவன் திரும்பப் போனா நான் எந்த முகத்தோட நிக்கிற?"

மாமாவும் உம்மாவும் கிணற்றடிக்கு வந்திருந்தார்கள். லாண்ட்மாஸ்டர் சத்தம் கேட்டு வந்திருப்பார்கள். கோணாமலை அண்ணன் கயிற்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

"வயர் சரியாப் போச்சாம்" என்று உம்மா மாமாவிடம் சொன்னார். "எங்கட புள்ளதான் பாத்ததாம்."

"சரி. நல்லம். ஆனா இதெல்லாம் எவ்வளவு நாளைக்கு?" என்றார் மாமா. "மண்ணுக்குள்ள கிடக்கிற சாமான். இண்டைக்கு ஒட்டுவாங்க, நாளைக்குத் தானா அறும். நாய்க்கும் பழகிட்டுது, வந்து ருசி கண்ட நாய் நிக்காது. ஆரு பொறுப்பு?"

 கோணாமலை அண்ணன் குனிந்து டொபியின் கழுத்தில் கயிற்றைப் போட்டார். டொபி என்னைப் பார்த்தான்.  பத்தாம் ஆண்டு வகுப்பில் எழும்பி நின்றதுபோல இருந்தது எனக்கு. மாமாவின் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்று தெரிந்ததால் குழியைப் பார்த்தேன்.

"தானா அறல்ல மாமா" என்றேன். "நான்தான் அறுத்தன்."

"என்ன?"

"அந்தப் பெருநாள் பீங்கான் கழுவ... மண் எடுக்க வந்து... மண்வெட்டி பட்டு அறுந்த. இஞ்ச பாருங்க, வெட்டு. வேர் எண்டு நினைச்சன். அண்டைக்குப் பின்னேரம்தான் பெட்டி கத்தியிரிக்கி. அக்காவக் கேளுங்க."

வெட்டி எடுத்த துண்டுகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். மாமா அதை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நெல்மணியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"அல்லாஹ்வே" என்றார் உம்மா. "நான் அனுப்பின புள்ள இது. ஆழமாத் தோண்டு எண்டும் நான்தான் சொன்ன."

"நானும்தான்" என்றார் வசந்தினி அக்கா. "கத்தின பெட்டியக் கழட்டிப் போட்டிட்டு இருந்தனே."

மாமா விரல்களை மடித்தார். எதையோ கணக்குப் பார்த்தார்.

"பீங்கான் கழுவினது சித்திரை வருஷத்துக்கு அடுத்த நாள். நாய் முதல்தரம் எங்கட பக்கம் வந்த எப்ப?"

"மே தினத்துக்கு மறுநாள்" என்றேன். "உங்கட பூனை மீன்தலையக் கவ்விக்கொண்டு இதால ஓடின. அதக் கலைச்சுக்கொண்டு வந்தான்."

"பதினெட்டு நாள்."

"ஓம் மாமா."

"பதினெட்டு நாள் வேலி இல்லாம நிண்டிரிக்கி?"

இப்போது எல்லோரும் டொபியைப் பார்த்தார்கள். அவன் கழுத்தில் கயிற்றோடு கோணாமலை அண்ணனின் சாறன் நுனியை முகர்ந்துகொண்டிருந்தான்.

"என்ட மாடு பதினெட்டு நிமிஷம் நிக்காது" என்றார் மாமா. பிறகு குரலைக் கொஞ்சம் கூட்டினார். அவருடைய கோபம் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். "பூனையும் எங்கடதா?"

"ஓம்."

"அந்த ஹறாம்குட்டி என்ட வீட்டிலயும் நேத்து மீன் களவெடுத்த." அவர் வயர்த் துண்டுகளைச் சட்டைப் பைக்குள் போட்டார். "வசந்தினி, நீங்க குடுத்த வார்த்தைய நான் திருப்பித் தாறன். ஆனா ஒண்டு. ஒவ்வொரு நாளும் காலையில இந்தப் புள்ள வந்து வெளிச்சம் எரியிதா எண்டு பாக்கணும். பாத்து எனக்குச் சொல்லணும். வாயால சொல்லணும். சும்மா தலையாட்டிப் போட்டு ஓடப்படாது."

 வசந்தினி அக்கா நிலத்தில் குந்தி, கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். கண்ணீரில் கண் தெரியாமல் அவிழ்த்ததால் முடிச்சு இன்னும் இறுகியது. கோணாமலை அண்ணன்தான் அவிழ்த்தார்.

"அப்ப நான் இறக்காமத்திலயிருந்து வந்தது ஒரு தேத்தண்ணிக்கா?" என்றார்.

"பகலைக்குச் சாப்பிட்டிட்டுப் போ அண்ணன்."

"வயலுக்குத் தண்ணி கட்டணும், நிக்க ஏலா. சபியாக்கா, உங்களுக்குச் சுத்தமான மண்தானே வேணும்? அடுத்த முறை வரக்குள்ள எங்கட வயல் மண் ஒரு பேக் ஏத்திக்கொண்டு வாறன். இனி இஞ்ச ஒருத்தரும் கொத்த வேணாம்."

"யூரியா உரப் பேக்கில கட்டிக்கொண்டு வந்திராதிங்க" என்றார் உம்மா. "மறுகா அந்த மண்ணையே ஏழுதரம் கழுவணும்."

மாமா கூடச் சிரித்தார்.

நான் பட்டியை வசந்தினி அக்காவிடம் கொடுத்தேன். அவர் டொபியின் கழுத்தில் பூட்டினார். லாண்ட்மாஸ்டர் கிளம்பியதும் டொபி குரைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் ஓடினான். கேற் திறந்து கிடந்தது. யாரும் அதைப் பூட்ட நினைக்கவில்லை. வசந்தினி அக்கா "டொபி!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார், நாங்களும் ஓடினோம். கேற்றடிக்கு நாலு அடி இருக்கும்போது கீ என்ற சத்தம் எங்களுக்கும் கேட்டது. டொபி முன்கால் இரண்டையும் ஊன்றி நின்றான். லாண்ட்மாஸ்டர் ஒழுங்கை மூலையில் திரும்பி மறையும்வரை நின்ற இடத்திலேயே நின்று குரைத்தான்.

"நிண்டிட்டுது" என்றார் மாமா மெதுவாக.

வசந்தினி அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் மண்ணிலேயே இருந்துவிட்டார். நான் வெளிச்சத்தைப் பார்த்துவர உள்ளே போனேன். பச்சையாக எரிந்தது. வெளியே வந்து மாமாவிடம் வாயால் சொன்னேன்.